எண்ணிக்கையும் எண்ணமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

மார்கழியின் நடுவே ஆங்கில ஆண்டு ஒன்று முடிந்து மற்றொன்று பிறக்கிறது. நமக்கு ஆண்டுப் பிறப்பு சித்திரையில்தான். ஆயினும் அலுவலகமும் பள்ளியும் ஜனவரியைக் கொண்டே நடக்கின்றபடியால், உலகெங்கும் வாழும் அடியார்கள் இந்நாள்களில் கடந்த ஆண்டைத் திரும்பிப் பார்ப்பதும், வரும் ஆண்டில் இன்னின்னது செய்வோம் என்று தீர்மானிப்பதும் வழக்கமாகிவிட்டது. நித்யாநுஸந்தானத்தை ஒருநாளும் விடோம், ஓராண்டுக்குள் இத்தனை திவ்யதேசங்களை ஸேவிப்போம், இத்தனை பாசுரங்களை மனப்பாடம் செய்வோம் என்றெல்லாம் எழுதிவைக்கிறோம். இவை நல்ல தீர்மானங்களே. ஆனால் ஒரு ப்ரபந்நன் தன் ஆண்டை எதைக்கொண்டு அளப்பது, வரும் ஆண்டுக்கு எதை முன்வைப்பது என்பது சற்றே நின்று ஆராயவேண்டிய கேள்வி. மதுரையையும் அதனைச் சுற்றியுள்ள திவ்யதேசங்களையும் பற்றிய ஆழ்வார்களின் அருளிச்செயல்களைக்கொண்டு இதனைச் சிந்திக்க முயல்கிறோம். அடியோங்களிடம் சென்ற ஆண்டில் நேர்ந்த ஓர் அபராதமும் இதனை எழுதக் காரணம்.

ஓர் அரசனின் கேள்வி

ஆண்டுக் கணக்கைப் பற்றிய கேள்வி மதுரைக்குப் புதிதன்று. குருபரம்பரை ஒரு சரித்திரத்தைச் சொல்லுகிறது. வல்லபதேவன் என்னும் பாண்டியன் ஓரிரவு நகர சோதனைக்காகச் சென்றபோது, வழிப்போக்கரான அந்தணர் ஒருவர் ஒரு வீட்டுத் திண்ணையில் உறங்கக் கண்டான். அவரை எழுப்பி, கங்கையாடி வருகிறவர் என்று அறிந்து, நல்வார்த்தை ஒன்று சொல்லும்படி வேண்டினான். மழைக்காலத்துக்கு வேண்டியதை மற்ற எட்டு மாதங்களிலும், இரவுக்கு வேண்டியதைப் பகலிலும், முதுமைக்கு வேண்டியதை இளமையிலும், மறுமைக்கு வேண்டியதை இம்மையிலும் தேடிக்கொள்ளவேண்டும் என்ற கருத்துள்ள ச்லோகம் ஒன்றை அவர் சொன்னார். முதல் மூன்றுக்கும் அரசனிடம் குறைவில்லை. நான்காவதற்கு என்ன செய்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தபோது அவன் கை வெறுங்கையாயிருந்தது.

செல்வநம்பியின் ஆலோசனைப்படி வித்வான்களைக் கூட்டி, பரதத்துவத்தை நிர்ணயிப்பவருக்கென்று பொற்கிழி ஒன்றையும் கட்டினான். அதே வேளையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபெருங்கோயிலுடையான், தனக்குப் பூமாலை ஸமர்ப்பித்துவந்த விஷ்ணுசித்தரின் கனவில் தோன்றி, மதுரைக்குப் போகுமாறு நியமித்தான். நந்தவனத்தில் மண்வெட்டி பிடித்துக் கை தழும்பேறிய தமக்கு வாதப்போர் ஏது என்று அவர் தயங்க, அது நம் பொறுப்பு என்றான் எம்பெருமான். அவர் சென்று வேதாந்தப் பொருளை விரித்துரைக்க, கிழி தானே தாழ்ந்தது. அரசன் அவரை யானைமேலேற்றி நகர்வலம் செய்விக்க, எம்பெருமான் பிராட்டியோடும் கருடன்மேல் எழுந்தருளிக் காட்சி கொடுத்தான்.

அந்நேரத்தில் ஆழ்வார் தமக்கென்று எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. காலம் நடையாடும் இந்நிலத்தில், இத்தனை அழகும் கண்ணுக்கு இலக்காகும்படி வந்து நின்ற இவனுக்கு என்ன தீங்கு வருமோ என்று அஞ்சித் திருப்பல்லாண்டு பாடினார். ஞானநிலையில் அவன் காப்பவன், நாம் காக்கப்படுபவர்கள் என்ற முறை தன் இடத்திலே நிற்கும், ப்ரேமநிலையிலோ அது தட்டுமாறிவிடும் என்று பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் இதற்கு விடை காட்டியருளினார்.

இச்சரித்திரத்தில் நாம் பலகாலும் கவனியாமல் விடும் ஒன்று உண்டு. என் மறுமைக்கு நான் என்ன தேடிக்கொள்வது என்று தொடங்கிய கேள்வி, அவன் பல்லாண்டு வாழவேண்டும் என்ற ஆசாஸனத்தில் போய் முடிந்தது. கேள்வியில் இருந்த 'என்', 'நான்' இரண்டும் விடையில் இல்லை. அரசன் தன் கணக்கைப் பார்த்தது தவறன்று. அந்தக் கவலை இல்லையாகில் ஆழ்வார் மதுரைக்கு வந்திருக்கமாட்டார். ஆனால் கணக்கு அவனைக் கொண்டுவந்து சேர்த்த இடம், கணக்கைக் கடந்த இடம்.

ஒரு குறிப்பேடு

இனி அடியோங்களின் அபராதத்தை விண்ணப்பிக்கிறோம். கூடலழகர் எழுந்தருளியிருக்கும் இந்நகரில் சிலராகக் கூடி மாலையில் அருளிச்செயல் அநுஸந்திக்கும் சிறு கோஷ்டி அடியோங்களுடையது. சென்ற தை ஹஸ்தத்துக்குப் பிறகு ஒரு தீர்மானம் செய்தோம்: திருக்கார்த்திகைக்குப் பின் அநத்யயன காலம் தொடங்குவதற்கு முன்பாக நாலாயிரத்தையும் ஒருமுறை ஸேவித்து முடிப்பது. நாளொன்றுக்கு 13 அல்லது 14 பாசுரங்கள் என்று கணக்காயிற்று. ஒரு குறிப்பேட்டில் நாள்வாரியாகக் கட்டம் போட்டு, ஸேவித்த பாசுரங்களுக்கு எதிரே குறியிட்டு வந்தோம்.

கோஷ்டியில் முதியவர் ஒருவர். கண்பார்வை மங்கியவர், புத்தகம் வேண்டாத அளவுக்குப் பாசுரங்கள் நெஞ்சில் உள்ளவர். அவர் மெதுவாக ஸேவிப்பார். ஏதாவதொரு சொல்லில் ஈடுபட்டால் நிறுத்தி, பூர்வாசார்யர்கள் அவ்விடத்தில் அருளியதை நாலு வார்த்தை சொல்லுவார். முதலில் அதனை அநுபவித்தோம். சித்திரையில் பாசுரங்கள் சில பின்தங்கின. வைகாசியில் ஒருநாள், ஸ்வாமி, நேரமாகிறதே என்றோம். ஆனியிலும் அவ்வாறே ஒருமுறை சொன்னோம். ஆடியில் அவர் வருவது நின்றது. முழங்கால் வலியாக இருக்கும் என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். அதன்பின் கணக்கு தவறவேயில்லை. குறித்த நாளில் சாற்றுமுறை ஆயிற்று.

ப்ரஸாதம் எடுத்துக்கொண்டு அவர் திருமாளிகைக்குச் சென்றோம். அவர் மிகவும் உகந்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "திருவாய்மொழி இரண்டாம் பத்தில் திருமாலிருஞ்சோலைப் பதிகம் என்று ஸேவித்தீர்கள்? அன்றைக்காவது வரவேண்டும் என்றிருந்தேன்." எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வீடு திரும்பிக் குறிப்பேட்டைப் புரட்டினோம். புரட்டாசியில் ஒரு நாள். எதிரே குறியும் இருந்தது. ஆனால் அன்று யார் வந்தார்கள், எந்தப் பாசுரத்தில் நெஞ்சு நின்றது என்று ஒன்றும் எங்கள் நினைவில் இல்லை.

தீர்மானம் முறிந்துபோயிருந்தால் அதற்காக வருந்தியிருப்போம். இது நிறைவேறிய தீர்மானம். அதனை நிறைவேற்றும் வழியிலேயே ஒரு பாகவதரைத் தள்ளிவிட்டோம். பாகவதாபசாரம் எத்தனை கொடியது என்பதைப் பிள்ளை லோகாசார்யர் போன்ற ஆசார்யர்கள் அருளிச்செய்திருப்பதைப் படித்தவர்களே நாங்கள்.

ஆழ்வார் தாழ்த்திய படிகள்

அவர் கேட்ட பதிகத்தை அன்றிரவு விளக்கருகே வாசித்துப் பார்த்தோம். மதுரைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருமாலிருஞ்சோலை மலையைப் பற்றியது அது. நம்மாழ்வார் முதற்பாசுரத்தில், ஒளிமிக்க இளமை கெடுவதற்கு முன்பே அம்மலையைச் சென்று சேருவதே சிறந்தது என்கிறார். பாண்டியனுக்கு வழிப்போக்கர் சொன்னதும் இதுவே: காலம் இருக்கும்போதே செய். இதுவரையில் இது ஒரு தீர்மானம்போலவே ஒலிக்கிறது.

ஆனால் பதிகம் மேலே செல்லச் செல்ல, ஆழ்வார் படிகளைத் தாழ்த்திக்கொண்டே வருகிறார். மலையை அடைய முடியாதோ, அதற்கு அயலிலுள்ள மலையை அடைந்தாலும் போதும். அதுவும் அரிதோ, புறமலையை நோக்கிப் போனாலும் தகும். அங்குச் செல்லும் வழியை நினைத்தாலும் நல்லது. ஒன்பதாம் பாசுரத்தில், தொழவேண்டும் என்று கருதுவதையே துணிவாகக் கொள்ளுங்கள் என்கிறார். கால் நடந்த தூரத்தையோ வலம்வந்த எண்ணிக்கையையோ கேட்காமல், நெஞ்சு எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற ஒன்றையே அவர் அங்குக் கேட்கிறார்.

இது சாதனத்தைக் குறைத்துக் கேட்டதன்று. எதிர்த்தலையில் இருப்பவனின் இயல்பைத் தெரிவித்தது. தன்னிடம் வர நினைத்தவனை வந்தவனாகவே கொள்ளும் ஸ்வபாவம் உடையவன் அழகன். சித்திரையில் அவன் மலையைவிட்டு இறங்கி வைகைவரை எழுந்தருளுவதை ஆண்டுதோறும் கண்ணாரக் காண்கிற மதுரை மக்களுக்கு இது விளக்கவேண்டாத பொருள்.

சரணாகதியின் ஆறு அங்கங்களை எண்ணும்போது முதலில் வருவது ஆநுகூல்ய ஸங்கல்பம். எம்பெருமானுக்கும் அவன் அடியார்க்கும் உகப்பானவற்றைச் செய்யவேண்டும் என்ற எண்ணம் அது. அடுத்தது, உகவாதவற்றை விடுவது. இவை அங்கங்களோ, ப்ரபந்நனிடம் தாமே விளையும் இயல்புகளோ என்பதில் ஆசார்யர்களிடையே வேறுபட்ட நிர்வாஹங்கள் உண்டு. அதில் இங்கு இறங்கவில்லை. நமக்கு வேண்டுவது ஒன்றே. 'இத்தனை அநுகூலங்களைச் செய்து முடிப்பேன்' என்று அங்குச் சொல்லப்படவில்லை. அநுகூலனாய் இருக்கவேண்டும் என்ற எண்ணமே சொல்லப்படுகிறது. தீர்மானத்துக்கு முடிவுநாள் உண்டு. அது வென்றால் கர்வமும் தோற்றால் சோர்வும் விளையும். இவ்வெண்ணத்துக்கு முடிவுநாள் இல்லை. தவறினால் தவறிய இடத்திலிருந்தே மறுபடியும் திரும்பிக்கொள்ளலாம். நாம் அநுஷ்டானங்களின் முன்னும் பின்னும் செய்யும் ஸாத்த்விகத் த்யாகமும் இதனையே பழக்குகிறது. செய்பவன் நான், இது என்னுடையது, இதன் பலன் எனக்கு என்ற மூன்றையும் அங்கு விடுகிறோம். எங்கள் குறிப்பேட்டில் இம்மூன்றும் ஒன்றும் குறையாமல் இருந்தன.

பத்து வாசல்கள்

மார்கழியில் நாம் நாள்தோறும் ஸேவிக்கும் திருப்பாவையிலும் ஒரு தீர்மானம் உண்டு. இரண்டாம் பாசுரத்தில் ஆயர் சிறுமியர் செய்வன தவிர்வனவற்றை வரிசையாகச் சொல்லுகிறார்கள். நெய்யும் பாலும் உண்ணோம், விடியலில் நீராடுவோம், மையிடோம், மலர் சூடோம், முன்னோர் செய்யாதவற்றைச் செய்யோம், கோள் சொல்லோம், இயன்றவரை கொடுப்போம். இன்றைய புத்தாண்டுப் பட்டியல் எதற்கும் இது குறைந்ததன்று. நேரமும் குறித்தாயிற்று, விடியுமுன் போகவேண்டும்.

அப்படி விரையவேண்டியவர்கள் என்ன செய்தார்கள்? 6ஆம் பாசுரம் தொடங்கி 15ஆம் பாசுரம் முடியப் பத்து வாசல்களில் நின்றார்கள். பறவை சிலம்பிற்று, சங்கு ஊதிற்று, எருமைகள் மேயப் போயின என்று பொழுது போவதையும் சொல்லிக்கொண்டே நின்றார்கள். ஒருத்தி உறக்கம் தெளியவில்லை. ஒருத்தி பேச்சில் வல்லவள். ஒருத்தி தானே முன்னம் எழுப்புவதாகச் சொல்லி உறங்கினவள். நேரமாகிறது, வருகிறவர்கள் வரட்டும் என்று ஒருத்தியையும் விட்டுப் போகவில்லை. முப்பது பாசுரங்களில் மூன்றில் ஒரு பங்கு, பின்தங்கியவர்களை அழைப்பதற்கே சென்றது. வியாக்யாதாக்கள் இப்பத்துப் பாசுரங்களில் பெரிதும் ஈடுபடுகிறார்கள். பகவதநுபவம் தனியே கொள்ளத்தக்கதன்று, அடியார்களோடு கூடியே கொள்ளத்தக்கது என்பதை நமக்குக் கற்பிக்கிற இடம் இது. ஒவ்வொரு மார்கழியிலும் இப்பாசுரங்களை ஸேவித்துவந்த அடியோங்கள், வைகாசியில் ஒரு முதியவருக்காக ஐந்து நிமிடம் நிற்கமாட்டாதவர்களானோம்.

நோன்பு முடியுமிடத்தையும் பார்க்கவேண்டும். 27ஆம் பாசுரத்தில், விட்ட நெய்யும் பாலும் அணியும் எல்லாம் திரும்பி வருகின்றன. அதுவும் எல்லோரும் கூடியிருந்து உண்ணும்படி வருகின்றன. 28ஆம் பாசுரத்தில், தங்களிடம் அறிவு ஒன்றும் இல்லை, மாடுகளின் பின்னே திரிகிறவர்கள் தாங்கள் என்று கைவெறுமையைச் சொல்லிக்கொள்கிறார்கள். நோன்பு நோற்று முடித்தோம், பலனைத் தா என்று அவர்கள் கேட்கவில்லை. 29ஆம் பாசுரத்தில் எந்நாளும் அவனோடு உறவும் அவனுக்கே ஆட்செய்தலும் வேண்டும் என்று சொல்லி, தங்களிடம் வேறு விருப்பம் இருக்குமாகில் அதனை மாற்றுவதும் அவன் வேலையே என்று அவன்மேல் ஏறிடுகிறார்கள். தீர்மானத்தில் தொடங்கி எண்ணத்தில் முடிகிறது திருப்பாவை. அந்த எண்ணத்தைக் காப்பதும் நம் பொறுப்பில் விடப்படவில்லை.

நூறு தடா

எண்ணத்தை எம்பெருமான் எவ்வாறு கொள்கிறான் என்பதற்குத் திருமாலிருஞ்சோலையிலேயே ஒரு சான்று உண்டு. நாச்சியார் திருமொழி ஒன்பதாம் பதிகத்தில் ஆண்டாள், அம்மலையில் எழுந்தருளியிருக்கும் அழகனுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா நிறைந்த அக்காரவடிசிலும் ஸமர்ப்பிப்பதாக வாயால் நேர்ந்துவைத்ததாகப் பாடுகிறாள். அவன் இன்று வந்து இவற்றை அமுதுசெய்வானாகில் ஒன்றுக்கு நூறாயிரமாகக் கொடுத்து, மேலும் அடிமை செய்வேன் என்று அடுத்த பாசுரத்தில் இன்னும் பெருக்குகிறாள். நேர்ந்தது வாயளவில்தான்; தடாக்களை அவள் ஸமர்ப்பித்ததாகக் கேட்டிலோம்.

பிற்காலத்தில் எம்பெருமானார் (1017–1137) இப்பாசுரத்தை அநுஸந்தித்து, இக்கடன் நிறைவேறாமல் நிற்கலாமோ என்று திருவுள்ளம்பற்றி, திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளி நூறு தடா வெண்ணெயும் அக்காரவடிசிலும் ஸமர்ப்பித்தருளினார். பிறகு அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றபோது, ஆண்டாள் அவரை அண்ணனாக அழைத்து எதிர்கொண்டாள் என்பது ஸம்ப்ரதாயத்தில் ப்ரஸித்தம். இன்றும் கூடாரவல்லியன்று பல திவ்யதேசங்களிலும், கடல்கடந்து வாழும் அடியார்களின் இல்லங்களிலும் அக்காரவடிசில் ஸமர்ப்பிக்கப்படுகிறது.

ஒருத்தி எண்ணினாள், மற்றொருவர் முடித்தார், அதன் இனிமையை இன்றுவரை எல்லோரும் அநுபவிக்கிறோம். தீர்மானம் தனி ஒருவருடையதாகில் அது அவரோடே நின்றுபோகும். எண்ணமோ அடியார்களின் குழுவில் யார் கையாலும் நிறைவேறலாம். ஆகவே கடந்த ஆண்டில் நம்மால் முடியாமற்போனவற்றைக் கண்டு நெஞ்சிடிய வேண்டா. நம்மால் முடிந்தவையும் யாரோ ஓர் ஆசார்யரோ, தாயோ, தகப்பனோ முன்னே எண்ணிவைத்தவையாக இருக்கலாம்.

சோம்பலுக்கு இடமாகாதோ?

எண்ணமே போதுமென்றால் ஒன்றும் செய்யாதிருப்பார்க்கு இது வசதியான வார்த்தையாகிவிடாதோ என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே. 'நினைத்தேன், முடியவில்லை' என்பது நம் காலத்தில் எளிதாக வரும் சொல்.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியின் வேளாண் மக்கள் இதற்கு விடை சொல்லுவார்கள். வைகையையும் கண்மாய்களையும் நம்பிய நிலம் இது. ஐப்பசி கார்த்திகை மழையே இதற்குப் பெருந்துணை. மழைக்கு முன்பே கரையைப் பலப்படுத்தி, வரத்துக்காலைத் தூர்வாரி, மடையைச் செப்பனிட்டு வைக்கவேண்டும். வழிப்போக்கர் பாண்டியனுக்குச் சொன்ன எட்டு மாத உழைப்பு இந்நிலத்தில் இதுதான். அத்தனையும் செய்தவன் மழைக்கு விலைகொடுத்தவனாகமாட்டான். மழை அவன் கூப்பிட்டு வருவதன்று. ஆனால் ஒன்றும் செய்யாதவனின் கண்மாயில், பெய்த மழையும் நில்லாமல் ஓடிவிடும். எண்ணம் உண்மையாகில் கை மண்வெட்டியைத் தேடிப் போகும். மழையை எதிர்பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வரத்துக்காலைத் தூர்க்கிறவனுக்கு எதிர்பார்ப்பு இல்லை என்றே கொள்ளவேண்டும்.

விஷ்ணுசித்தரின் கையில் இருந்த தழும்பும் இதுவே. கிழி அறுத்தது அவன் பொறுப்பாயிற்று. நந்தவனத்தைக் கொத்தியது அவர் கைங்கர்யமாயிற்று. எம்பெருமானாரும் நூறு தடாவை மனத்தளவில் ஸமர்ப்பித்து நிற்கவில்லை. உபாயம் அவன் என்று இருப்பவனுக்குச் செயல் குறைவதில்லை. செயலில் ஒட்டிக்கொண்டிருந்த கணக்கே விழுகிறது.

இவ்வாண்டின் எண்ணம்

ஆகவே இவ்வாண்டில் பழைய குறிப்பேட்டை எறிந்துவிடவில்லை. கட்டங்களை மட்டும் விட்டுவிட்டோம். இன்று யாரோடு ஸேவித்தோம், எச்சொல்லில் நின்றோம், யார் வரவில்லை என்ற மூன்றை எழுதுவதாக எண்ணம். வராதவர் திருமாளிகைக்கு மறுநாளே செல்வதாகவும் எண்ணம். இதிலும் தவறுவோம் என்பதை அறிந்தே எண்ணுகிறோம்.

மார்கழி முதல் நாளிலிருந்து அந்த முதியவரின் திருமாளிகைத் திண்ணையிலேயே திருப்பாவை ஸேவிக்கிறோம். முதல் நாளன்று அபராத க்ஷாபணம் செய்துகொண்டோம். ஒன்றும் நடக்காததுபோலவே அவர் இரண்டாம் பாசுரத்துக்குப் பொருள் சொல்லத் தொடங்கிவிட்டார். அவர் கேட்ட பதிகம் மட்டும் இன்னும் கடனாக நிற்கிறது. அநத்யயன காலமாகையால் இப்போது அதனை ஸேவிக்கலாகாது. வரிசைப்படி சென்றால் மறுபடியும் புரட்டாசிதான் ஆகும். 80 வயதைக் கடந்தவரிடம் புரட்டாசிவரை காத்திருக்கச் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. எனவே தை ஹஸ்தம் கழிந்த முதல் மாலையில், திருப்பல்லாண்டு ஸேவித்தபின் நேரே திருமாலிருஞ்சோலைத் திருவாய்மொழியைத் தொடங்குவதாக இருக்கிறோம். அவர் எவ்விடத்தில் நிறுத்துகிறாரோ அவ்விடத்தில் நிற்போம். அன்றைக்கு ஒரு பாசுரமே ஆனாலும் குறையில்லை. இவ்வாண்டில் நாலாயிரமும் முடியுமோ என்பதை அழகன் பார்த்துக்கொள்வான்.

இவ்வெண்ணம் தலைக்கட்டும்படி இதனை வாசிக்கும் பாகவதர்கள் ஆசீர்வதிக்கவேண்டும் என்று ப்ரார்த்திக்கிறோம். தேவரீர்களின் கோஷ்டியிலும் இவ்வாண்டில் வருவதை நிறுத்திக்கொண்டவர் ஒருவர் இருப்பாராகில், மார்கழி முடிவதற்குள் அவர் வாசலில் ஒருமுறை போய் நிற்க வேண்டுகிறோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.